தேன்பானையும் பதவி போன உடும்பும்

ஒரு காட்டில் எட்டு வளைவுகள் கொண்ட மோட்டார் பந்தயப் பாதை ஒன்று இருந்தது. காட்டுக்கு எதற்குப் பந்தயப் பாதை என்று யாரும் கேட்டதில்லை. காடு என்றால் ராஜா இருப்பார். ராஜா இருந்தால் அவருக்குப் பொழுது போக வேண்டும். தை பிறந்து பங்குனி முடிவதற்குள் ஏழு பந்தயங்கள் நடக்கும். மொத்தம் எட்டு அணிகள். ஒவ்வோர் அணிக்கும் ஒரு முதலாளி, ஒரு வண்டி, ஓர் ஓட்டுநர், தோற்றால் திட்டு வாங்குவதற்கு ஓர் அணித்தலைவர்.

கரும்பாறை அணிக்குக் குழந்தைவேலு என்ற உடும்பு தலைவராக இருந்தார். உடும்புப்பிடி என்று சொல்வார்களே, அந்தப் பிடி அவருக்கு வேலையில் இருந்தது. ஒரு திருகாணி அரைச் சுற்று தளர்ந்திருந்தாலும் வண்டியைக் கிளப்ப விடமாட்டார். சக்கரம் மாற்றுவதற்கு நான்கு மரங்கொத்திகளைப் பழக்கி வைத்திருந்தார். அவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி வாயை மூடுவதற்குள் நான்கு சக்கரங்களும் மாறியிருக்கும். இப்படிப்பட்ட அணி ஐந்து வருடமாக ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கத்தானே வேண்டும். இருந்தது. வண்டியின் கூரை மேலேயே இருந்தது.

அது ஒரு தேன்பானை. அணியின் முதலாளி பொன்னம்பலம் என்ற கரடி. அவருக்கு மலைத்தேன் வியாபாரம். எட்டு வளைவிலும் தன் தேனை நாலு பேர் பார்க்க வேண்டும் என்பதற்காக, இடுப்பளவு உயரப் பானை ஒன்றை வண்டிக் கூரையில் நிறுத்திக் கயிறு போட்டுக் கட்டச் சொல்லியிருந்தார். சரி, பார்க்கத்தானே, காலிப் பானையாக வைக்கலாமே என்று குழந்தைவேலு முதல் வருடமே கேட்டுப் பார்த்தார். காலிப் பானையை முன்னால் கொண்டு போனால் சகுனம் சரியில்லை என்று கரடி மறுத்துவிட்டார். ஆகவே பானைக்குள் பதினெட்டுப் படித் தேன் இருந்தது. வளைவுகளில் அது பாட்டுக்கு இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை போய்வந்தது.

"நிறைகுடம் தளும்பாதுன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க, தெரியுமில்ல?" என்றார் கரடி.

பெரியவர்கள் அதை ஆறாவது வளைவில் நின்று சொல்லவில்லை என்று குழந்தைவேலுவுக்குத் தோன்றியது. அதை அவர் வாயால் சொல்லவில்லை, கடிதமாக எழுதினார்.

ஆறாவது வளைவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது முதலை மடுவை ஒட்டிப் போகிறது. பாதைக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு முழம்தான் கரை. பந்தயப் பருவம் தொடங்குவதற்கு முன்பே முதலைகள் வரிசையில் நின்று அந்த வளைவுக்கு மட்டும் சீட்டு வாங்கிவிடும். மற்ற இடங்களில் நல்ல நிழல் இருக்கிறது, பார்வையும் நன்றாக இருக்கும் என்று சீட்டுக் கொடுக்கும் கொக்கு எடுத்துச் சொன்னாலும் அவை கேட்பதில்லை. கரும்பாறை வண்டி வரும்போது மட்டும் முதலைகள் எழுந்து நிற்கும். அது மரியாதை இல்லை. கூரையில் இருக்கும் பாரம் வண்டியை மடுப்பக்கம் சாய்க்கும். இரண்டு சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும். அந்த நேரத்தில் உள்ளே உட்கார்ந்திருப்பவள் வள்ளிக்கண்ணு என்ற கீரி.

பாம்பையே எதிர்த்து நிற்கும் குலத்தில் பிறந்தவள் வள்ளிக்கண்ணு. காட்டிலேயே வேகமான ஓட்டுநர். குழந்தைவேலுவை அண்ணே என்று கூப்பிடுவாள். ஒவ்வொரு பந்தயத்திலும் ஆறாவது வளைவை எட்டும் வரை அவள் முதல் மூன்று இடத்துக்குள் இருப்பாள். அங்கே வேகத்தைக் குறைத்தால் மற்ற வண்டிகள் தாண்டிப் போய்விடும், குறைக்காவிட்டால் மடு. இந்த வருடத்து ஐந்தாவது பந்தயத்தில் அவள் கொஞ்சம்தான் குறைத்தாள். ஒரு முதலை பின்பக்கத்து மட்கார்டைக் கடித்து எடுத்துக்கொண்டது. அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குக் காட்டியதாகக் கேள்வி.

அன்றிலிருந்து குழந்தைவேலுவுக்குக் கோப்பை ஞாபகமே இல்லை. அவள் மடுவில் விழுவதற்குள் அந்தப் பானை இறங்க வேண்டும். அது ஒன்றுதான் ஞாபகம்.

அவர் சும்மா இருந்துவிடவில்லை. பானை ஏறிய நாளிலிருந்து திங்கட்கிழமை தவறாமல் ஒரு தேக்கிலையில் முதலாளிக்குக் கடிதம் எழுதினார். பொருள்: கூரையிலிருந்து தேன்பானையை இறக்குவது குறித்து. கீழே காரணங்கள், ஒரு படம், கையெழுத்து. கடிதங்கள் ஒழுங்காகக் கரடியின் தேன்மண்டிக்குப் போய்ச் சேர்ந்தன. ஆனால் மண்டியில் தேனடை பொதிந்து கொடுக்க நல்ல அகலமான இலைக்கு எப்போதும் தட்டுப்பாடு. கரடி வந்த கடிதத்தைப் பொதிகிற இலைக்கட்டில் வைத்துவிடுவார். தேன் வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய்ப் பொதியைப் பிரித்து, இலையை நக்குவதற்கு முன் படித்துவிடுவார்கள். அதனால் பானையைப் பற்றி அந்தக் காட்டில் தெரியாதவர் பொன்னம்பலம் ஒருவர்தான். வழியில் பார்க்கும் மான்கூட, "என்ன ஐயா, பானை இறங்கிடுச்சா?" என்று விசாரித்துவிட்டுத்தான் புல்லில் வாய் வைக்கும்.

ஆறாவது பந்தயத்தில் வள்ளிக்கண்ணு எட்டாவதாக வந்தாள். குழந்தைவேலுதான் மடு வளைவில் ஊர்ந்து போகச் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலை முதலாளி கூட்டம் போட்டார். கூட்டத்தில் மூன்று பேர். கரடி, உடும்பு, அணியின் அலுவலக மேலாளரான சபாபதி என்ற ஓணான். கடைசியில் வந்த அணி எதையாவது நீக்கியே ஆக வேண்டும் என்பது அந்தக் காட்டுப் பந்தயத்தின் வழக்கம். நீக்காவிட்டால் மற்ற முதலாளிகள் மதிக்க மாட்டார்கள். எதை நீக்கலாம் என்று கரடி கேட்டார். பானையை, என்றார் உடும்பு. ஓணான் தலையாட்டினார். பானை வியாபாரத்துக்கு வேண்டும், ஓட்டுநருக்கு ஒப்பந்தம் இருக்கிறது, வண்டியை நீக்கினால் பந்தயத்துக்கு எதைக் கொண்டுபோவது, ஆகவே மிச்சம் இருப்பது தலைவர்தான் என்றார் கரடி. ஓணான் அதற்கும் தலையாட்டினார். அவரைக் குறை சொல்லக் கூடாது. கேட்டது எதுவானாலும் தலையாட்டுவது ஓணானின் பிறவிக் குணம். அதை வைத்துத்தான் அவருக்கு மேலாளர் வேலையே கிடைத்தது.

"தப்பா எடுத்துக்காதீரும்," என்றார் கரடி. "உம்ம மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. யாராவது ஒருத்தர் போயாகணும். நான் போக முடியுமா, சொல்லும்."



இங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. அந்த அணியில் யாரையும் வாயால் நீக்க முடியாது. இரண்டு வருடத்துக்கு முன் கரடி பகலில் தூங்கும்போது டொக்டொக் என்று சத்தம் போட்டதற்காக ஒரு மரங்கொத்தியை வேலையிலிருந்து துரத்திவிட்டார். மரங்கொத்தி வேறு எப்படி வேலை செய்யும்? அந்த அநியாயத்தைப் பார்த்துக் குழந்தைவேலு தாமே உட்கார்ந்து ஒரு படிவம் தயாரித்தார். யாரை நீக்குவதானாலும் முதலில் அணித்தலைவர் தம் கைப்படக் காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதன்பிறகு முதலாளி அதைப் படித்துக் கைநாட்டு வைக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் ஓர் எறும்பைக்கூட நீக்க முடியாது. அப்போது கரடி தேன் குடித்த மயக்கத்தில் அதற்குச் சம்மதித்துவிட்டார்.

ஆக, குழந்தைவேலுவை நீக்கக் குழந்தைவேலுவின் கையெழுத்து வேண்டியிருந்தது.

சபாபதி படிவத்தை எடுத்துக்கொண்டு வண்டிக் கொட்டகைக்கு வந்தார். மிகவும் சங்கடப்பட்டார். ஐயாவுக்குச் சிரமம் கொடுக்கிறேன் என்றார். நிதானமாகப் பார்த்து எழுதினால் போதும், பிற்பகலில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று படிவத்தைப் பலகை மேல் வைத்துவிட்டுப் போனார். மரங்கொத்திகள் நான்கும் வேலையை நிறுத்திவிட்டுப் படிவத்தையே பார்த்தன. வள்ளிக்கண்ணு வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். முகமெல்லாம் மசகு.

"போடாதீங்கண்ணே," என்றாள். "நீங்க போடலைன்னா உலகம் அழியுற வரைக்கும் உங்களை யாரும் அசைக்க முடியாது. நீங்க எழுதின சட்டம்தானே."

"ஆமா."

"அப்புறம் என்ன யோசனை?"

"நான் அசையாம இருப்பேன். பானையும் அசையாம இருக்கும்."

வள்ளிக்கண்ணு கையைத் துடைத்துக்கொண்டாள். அடுத்தது கடைசிப் பந்தயம், ராஜா பார்க்க வருகிறார், ஊர்ந்து போகச் சொன்னால் இந்தமுறை தன்னால் முடியாது என்று சொன்னாள். அவளும் கீரிதானே, எத்தனை நாளைக்கு ஆமைபோலப் போவாள். அதைக் கேட்டதும் குழந்தைவேலுவின் வால் ஒருமுறை தரையில் அடித்தது.

அவர் படிவத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தார். ஒன்பதாவது கட்டத்தில், 'காரணம்' என்று இருந்தது. அதன் கீழே அவரே இரண்டு வருடத்துக்கு முன் எழுதிய குறிப்பு: முதலாளி இதைப் படித்த பிறகே கைநாட்டு வைக்க வேண்டும். ஐந்து வருடத்தில் பொன்னம்பலம் கட்டாயம் படித்தாக வேண்டிய இலை இது ஒன்றுதான். இதில் தேனடை பொதிய முடியாது. கோப்பில் போக வேண்டியது.

ஒரு வேலையைக் கொடுத்துத்தான் ஒரு வாசகரைப் பெற முடியும் என்றால் கொடுக்க வேண்டியதுதான் என்று அவர் முடிவு செய்தார். எழுத உட்கார்ந்தார். பானையின் எடை, கூரையின் உயரம், ஆறாவது வளைவின் சாய்வு, கரையின் அகலம், முதலைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் எழுதினார். கட்டம் நிறைந்து ஓரத்திலும் எழுதினார். கடைசியில், இவற்றைத் திரும்பத் திரும்பச் சொன்னதால் மேற்படி குழந்தைவேலுவை நீக்கப் பரிந்துரைக்கிறேன் என்று முடித்துக் கையெழுத்துப் போட்டார். ஒற்றுப்பிழை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். இல்லை.

மண்டியில் சபாபதி படிவத்தை நீட்டியபோது கரடி ஒரு புதுத் தேனடையில் மும்முரமாக இருந்தார்.

"காரணம் எழுதியிருக்காரா?"

"எழுதியிருக்கார், முதலாளி."

"நீளமாவா?"

"கட்டம் பத்தலை. ஓரத்துலயும் எழுதியிருக்கார்."

"அவ்வளவு நீளமா எழுதியிருந்தா சரியான காரணமாத்தான் இருக்கும்," என்று கரடி கையை நீட்டிக் கைநாட்டை அழுத்தி வைத்தார். கரடியின் கை பெரிய கை. தேன் வழிந்த கை. அது ஒன்பதாவது கட்டத்தை ஓரம் உட்பட முழுக்க மூடிவிட்டது. மாலைக்குள் எறும்புகள் வந்து அந்த இடத்தைத் துப்புரவாகத் தின்றுவிட்டன.

வழியனுப்பு விழா குறைவில்லாமல் நடந்தது. பொன்னாடை போர்த்தினார்கள். குடும்பத்தோடு கூடுதல் நேரம் செலவிடுவதற்காகத் தலைவர் தாமே விரும்பி விலகுகிறார் என்று சபாபதி அறிக்கை வாசித்தார். குழந்தைவேலுவுக்குக் குடும்பம் என்று சொல்லிக்கொள்ள ஒரு கரையான் புற்றுதான் இருந்தது. அதுவும் பாதி இடிந்தது. அணிக்கு அவர் தூணாக இருந்தார் என்றார் கரடி. இருந்த தூணை ஏன் எடுக்கிறீர்கள் என்று மரங்கொத்தி ஒன்று முணுமுணுத்தது. நல்லவேளை, அது கைதட்டலில் அமுங்கிப்போயிற்று. கைதட்டியவர்களில் முதலைகள் முன்வரிசையில் இருந்தன.

புதுத் தலைவராக மயில் வந்தார். பந்தயத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று யாரோ கேட்டார்கள். அவர் தோகையை விரித்தார். கேட்டவருக்குக் கேள்வி மறந்துவிட்டது. முதல் நாள் மரங்கொத்திகளுக்குப் புதுச்சட்டை கொடுத்தார். இரண்டாம் நாள் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்து, கூரையில் ஒரே பானை இருப்பது பார்வைக்குக் கோணலாக இருக்கிறது, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு வைத்தால் லட்சணமாக இருக்கும் என்றார். கரடிக்குக் கண் கலங்கிவிட்டது. ஐந்து வருடமாக இப்படி ஒரு யோசனையைத்தான் அவர் எதிர்பார்த்துக் காத்திருந்தார்.

முப்பத்தாறு படித் தேன். இந்தச் செய்தி புற்றுக்கு வந்தபோது குழந்தைவேலு உடனே கொட்டகைக்குக் கிளம்பினார். வாசலில் முள்ளம்பன்றி காவல் நின்றது. உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும் என்றது. சீட்டுக்கு அணித்தலைவர் பரிந்துரைக்க வேண்டும், அணித்தலைவர் இப்போது படம் எடுத்துக்கொண்டிருக்கிறார், அவரைப் பார்க்க ஏற்கனவே பதினான்கு பேர் வரிசையில் இருக்கிறார்கள் என்று விவரம் சொன்னது.

"என்னைத் தெரியலையாப்பா?"

"தெரியாம என்னங்கய்யா. சீட்டு இல்லாம சொந்த அப்பனே வந்தாலும் விடாதேன்னு நீங்கதானே சொன்னீங்க. விட்டா நீங்களே திட்டுவீங்க."

அது உண்மைதான். விட்டிருந்தால் திட்டியிருப்பார். பதினைந்தாவதாக வரிசையில் நின்றார். வெயில் இறங்கும்போது மயில் களைத்துப்போய்த் தோகையை மடக்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் கடைசிப் பந்தயம்.

பந்தயத்தன்று காலை மரகதம் என்ற மைனா புற்று வாசலில் வந்து இறங்கினாள். பந்தய வர்ணனை செய்கிறவள் அவள். முடிவுக்கோட்டுக்கு எதிரே இருக்கும் இலுப்பை மரம்தான் அவளுடைய நிலையம்; கிளைக்குக் கிளை ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். பேச்சுக்கு அவளிடம் பஞ்சமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் இல்லை சொல்ல ஒரு நிபுணர் வேண்டியிருந்தது. இத்தனை வருடமாக அந்த வேலையை ஆந்தை பார்த்தது. பகலில் நடக்கும் பந்தயத்துக்கு ஆந்தையை வைத்தது தப்பு என்று இப்போதுதான் நிலையத்துக்குப் புரிந்ததாம். போன பந்தயத்தில் குறட்டை எட்டு வளைவுக்கும் கேட்டது.

"ஐயா இப்ப சும்மாதானே இருக்கீங்க," என்றாள் மரகதம். "வந்து உக்காருங்க. ஒரே ஒரு விஷயம். பக்கத்துல என் கூடு இருக்கு. நீங்க முட்டை சாப்பிடுற ஆளு. சாப்பாடு வெளியிலிருந்துதான் வரும்."

குழந்தைவேலு சம்மதித்தார். அந்த மரத்திலிருந்து மடு வளைவு தெரியும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

பந்தயம் மூன்று சுற்று. இரண்டாவது சுற்று முடிந்ததும் எல்லா வண்டிகளும் கொட்டகைக்கு வந்து சக்கரம் மாற்றிக்கொண்டு போக வேண்டும். ராஜா கொட்டாவி விட்டதும் வண்டிகள் புறப்பட்டன. கரும்பாறை வண்டி இரண்டு பானைகளோடு கல்யாண ஊர்வலம்போலக் கிளம்பியது. ஆனாலும் வள்ளிக்கண்ணு ஐந்தாவது வளைவுக்குள் மூன்றாவது இடத்துக்கு வந்துவிட்டாள். ஆறாவது வளைவில் அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. இரண்டு பானைகளும் சேர்ந்து மடுப்பக்கம் சாய்ந்தன. சக்கரம் இரண்டும் எழும்பின. வண்டி ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கைப்போல ஒரு கணம் யோசித்துவிட்டுத் தரையில் விழுந்தது. முதலைகள் மறுபடியும் உட்கார்ந்தன. அடுத்த சுற்றுக்கு நாக்கைத் தயார் செய்துகொண்டன.

"பார்த்தீங்களா நேயர்களே," என்றாள் மரகதம். "நம்ம நிபுணர் என்ன சொல்றார்னு கேப்போம்."

குழந்தைவேலு ஒலிவாங்கியைப் பார்த்தார். ஐந்து வருடமாகக் கடிதத்தில் எழுதியதைத் தவிர அவரிடம் சொல்வதற்குப் புதிதாக ஒன்றுமில்லை. அதையே சொன்னார்.

"அந்த வண்டி சாய்ந்ததற்கு ஓட்டுநர் காரணம் இல்லை. கூரையில் முப்பத்தாறு படித் தேன் இருக்கிறது. பாரம் உயரத்தில் இருந்தால் வண்டி சாயும். இறக்கினால் சாயாது. அடுத்தமுறை அது மடுவுக்குள் போகும்."

ஒலிபெருக்கிகள் அதைக் காடு முழுக்கச் சொல்லின. குரங்குகள் கடலை உரிப்பதை நிறுத்தின. எல்லாரும் திரும்பி முதலாளிகள் உட்கார்ந்திருந்த பந்தலைப் பார்த்தார்கள். கரடியும் திரும்பி மரத்தைப் பார்த்தார். பார்த்தவர் கையிலிருந்த தேனடையைக் கீழே வைத்தார்.

"யாரு பேசுறது?"

"நிபுணருங்க. நம்ம குழந்தைவேலு," என்றார் சபாபதி.

கரடி விரலில் வழிந்த தேனை நக்கிக்கொண்டார். "நம்மகிட்ட இருந்த வரைக்கும் இந்தத் தெளிவு எங்கய்யா போச்சு?" என்றார். "வெளியே அனுப்பினதும் எப்படிப் பிரகாசமாயிட்டார் பாரு. நான் அனுப்பாட்டி இந்த அறிவு அவருக்கு வந்திருக்குமா?"

சபாபதி தலையாட்டினார்.

இரண்டாவது சுற்றில் வள்ளிக்கண்ணு எப்படித் தப்பினாள் என்பது அவளுக்கே தெரியாது. வலப்பக்கத்துக் கண்ணாடி முதலைக்குப் போயிற்று. நான்காவது இடத்தில் கொட்டகைக்குள் வந்து நின்றாள். கரடி பந்தலிலிருந்து மூச்சு வாங்க ஓடிவந்து பானைகளை இறக்கச் சொன்னார். இறக்கினால் கூரை மொட்டையாகத் தெரியுமே என்றார் மயில். நிபுணரே சொல்லிவிட்டார், உமக்கு என்ன தெரியும் என்று கரடி அதட்டினார். மரங்கொத்திகள் நான்கும் வருடக்கணக்காகக் காத்திருந்த அலகுகளால் கயிற்றைக் கொத்தின. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண ஆளில்லை, அவையே எண்ணிக்கொண்டன. பானைகள் இறங்கின, சக்கரங்கள் மாறின, வண்டி போயிற்று. போகும்போது அது ஏழாவது.

குழந்தைவேலு மரக்கிளையைப் பிடித்திருந்தார். வர்ணனை செய்ய வேண்டும் என்பது அவருக்கு நினைவில் இல்லை. முதல் வளைவில் அவள் ஒரு வண்டியைத் தாண்டினாள், இரண்டாவதில் இன்னொன்றை. நான்காவதில் ஒன்று, ஐந்தாவதில் ஒன்று. மரகதம் ஏதோ கேட்டாள். ஆறாவது வளைவில் முதலைகள் எழுந்து நின்றன. வள்ளிக்கண்ணு பிரேக்கைத் தொடவே இல்லை. நான்கு சக்கரங்களும் தரையில் பசைபோட்டு ஒட்டியதுபோல வண்டி வளைந்து போயிற்று. முதலைகள் அப்படியே நின்றன. பிறகு ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு, காசு கொடுத்து வாங்கிய சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கின.

குழந்தைவேலு மூச்சை விட்டார். அந்த மூச்சும் ஒலிபெருக்கியில் கேட்டது. அதற்குப்பின் யார் ஜெயித்தார்கள் என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. ஜெயித்தது வள்ளிக்கண்ணுதான்.

பரிசளிப்பு விழாவில் ராஜா கோப்பையை மயிலிடம் கொடுத்தார். அணித்தலைவரிடம் கொடுப்பதுதான் முறை. இந்த வெற்றி தம் கலைநோக்குக்குக் கிடைத்த வெற்றி என்று மயில் தோகையை விரித்துப் பேசினார். பானையை இறக்குவது என்ற துணிச்சலான முடிவைத் தாம் எடுத்ததாகக் கரடி பேசினார். ஓட்டுநரை யாரும் பேசச் சொல்லவில்லை. அவள் கூட்டத்துக்குப் பின்னால் போய் மரத்தடியில் நின்று மேலே பார்த்தாள்.

"எறங்கி வாங்கண்ணே. கொட்டகைக்குப் போலாம்."

குழந்தைவேலு இறங்கவே நினைத்தார். மசகு வாசனை அவருக்கு அங்கே வரைக்கும் வந்தது. பாதி மரம் இறங்கியிருப்பார், அதற்குள் கரடி சபாபதியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கை இரண்டையும் விரித்து வந்தார். நடந்ததை மறந்துவிடலாம், மயிலை விழாக் குழுவுக்கு மாற்றிவிடலாம், நீர் நாளைக் காலையிலேயே பழைய வேலையில் சேர்ந்துகொள்ளும் என்றார். உண்மையாகவே சொன்னார். கண்ணில் ஈரம்கூட இருந்தது.

வள்ளிக்கண்ணு அண்ணனைப் பார்த்தாள். குழந்தைவேலு நடு மரத்தில் தலைகீழாகத் தொங்கியபடி கொஞ்சம் யோசித்தார். பிறகு கரடியின் காதுக்கு மிக அருகில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"முதலாளி, அடுத்த வருடம் பின்சக்கரத்தை அரைச் சாண் அகலமாப் போடணும். இல்லேன்னா மூணாவது வளைவுல வழுக்கும்."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்," என்று கரடி அவர் முதுகில் தட்டினார். "முதல்ல வந்து சேரும். வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுட்டீரே."

உடும்பு திரும்பி மரத்தில் ஏறினார். மரகதம் சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு நிமிடம் என்று கேட்டு ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கரும்பாறை அணி அடுத்த வருடம் பின்சக்கரத்தை அரைச் சாண் அகலமாகப் போட வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாவது வளைவில் வழுக்கும்."

அது எட்டு வளைவுக்கும் கேட்டது. மரத்தடியில் நின்ற கரடி சட்டென்று சபாபதியின் தோளைத் தொட்டார்.

"எழுதிக்கோ. அரைச் சாண். என்ன ஒரு ஆளுய்யா."

சபாபதி தலையாட்டிக்கொண்டே எழுதினார். வள்ளிக்கண்ணு முதலில் சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை. இனி கொட்டகையில் தனக்குப் பக்கத்தில் அண்ணன் நிற்கப் போவதில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவர் பக்கத்தில் நின்றால் அவள் மடுவில் விழுவாள், தூரத்தில் நின்றால் பிழைப்பாள் என்பதும் புரிந்தது. மேலே பார்த்துக் கையை ஆட்டினாள். வண்டியைக் கிளப்பிக்கொண்டு தனியாகக் கொட்டகைக்குப் போனாள்.

வேலைக்கு வர விருப்பமில்லை என்று குழந்தைவேலு சொல்லியனுப்பினார். குடும்பத்தோடு கூடுதல் நேரம் செலவிட வேண்டியிருப்பதாகக் காரணம் சொன்னார். கரடி அதை முழுதாக நம்பினார்.

மறுநாள் விடிந்ததும் இடிந்த புற்றின் வாசலில் ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். மற்ற ஏழு அணிகளின் தலைவர்கள். எல்லோரும் அனுபவசாலிகள், எல்லோரும் வருடக்கணக்காக நல்ல யோசனை சொல்லி யாரும் கேட்காமல் தேய்ந்துபோனவர்கள். வரிசையில் முதலாவதாக நின்ற காட்டெருமைக்குச் சொல்லவே வெட்கமாக இருந்தது. கொம்பால் தரையைக் கிளறிக்கொண்டே சொன்னார்.

"என்னை எப்படியாவது வேலையை விட்டு எடுக்க வைக்கணும், ஐயா. நானும் ஆறு வருசமாத் தோத்துப் பாக்குறேன். எங்க முதலாளிக்கு என் மேல அசைக்க முடியாத நம்பிக்கை. என்ன செய்றதுன்னே தெரியலை."

நீதி: ஒருவரின் சொல்லை உண்மையிலேயே மதிக்கும் முதலாளி, அவரை ஒருநாள்கூட வேலையில் வைத்திருக்க மாட்டார்.